வைஃபையில் அப்லோடு மட்டும் மந்தமா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

படம் தடங்கலில்லாமல் ஓடும். இணையப் பக்கங்கள் தொட்டவுடன் திறக்கும். ஆனால் வீடியோ அழைப்பில் நாம் பேசுவது மட்டும் எதிர்முனையில் விட்டுவிட்டுக் கேட்கும். போனில் எடுத்த சின்ன வீடியோ மேலேறுவதற்குள் பொறுமை போய்விடும். டவுன்லோடு நன்றாக இருந்து அப்லோடு மட்டும் படுத்துக்கொள்ளும் இந்தப் பிரச்சினையை, ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று பொதுவாக நினைத்துக்கொண்டு அணுகினால் விடை கிடைக்காது. ரூட்டரை அணைத்துப் போடுவது, பெரிய ரூட்டராகப் பார்த்து வாங்குவது போன்ற வழக்கமான வைத்தியங்கள் பல நேரம் இந்த நோயைத் தொடுவதே இல்லை.

டவுன்லோடில் அனுப்புவது ரூட்டர், வாங்கிக்கொள்வது உங்கள் போன் அல்லது லேப்டாப். அப்லோடில் இது தலைகீழ். அனுப்ப வேண்டியது உங்கள் கருவி, கேட்க வேண்டியது ரூட்டர். ரூட்டர் சுவரில் உள்ள மின்சாரத்தில் ஓடுகிறது, பெரிய ஆன்டெனாக்கள் வைத்திருக்கிறது. போனோ சின்ன பேட்டரியை மிச்சப்படுத்திக்கொண்டு, உள்ளுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ஆன்டெனாவில் பதில் சொல்கிறது. ஒருவர் ஒலிபெருக்கியில் பேச, மற்றவர் தொண்டையை மட்டும் நம்பிப் பதில் சொல்வது மாதிரிதான் இது. திரையில் தெரியும் சிக்னல் கோடுகள், ரூட்டர் அனுப்புவது உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. போன் அனுப்புவது ரூட்டருக்கு எட்டுகிறதா என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கின்றன.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும்?

முதலில் உங்கள் திட்டத்தின் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு எண் சின்ன எழுத்தில் எங்கோ இருக்கும். டெலிபோன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல்2+ இணைப்பில் டவுன்லோடு அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 24 மெகாபிட்) வரை போகலாம்; அப்லோடு ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ்தான். கேபிள் டிவி வழியே வரும் பிராட்பேண்டிலும் மேலே போவதற்கு ஒதுக்கிய அலைவரிசை மிகக் குறுகலானது. ஃபைபரில் நிலைமை நல்லது. பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் வரிசைக்குக் கீழே வர ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், மேலே போக 1.25 ஜிகாபிட். அந்த வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் இதைப் பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் பங்கு எவ்வளவு என்பதை நிறுவனம்தான் முடிவு செய்கிறது.

அடுத்து, பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்; 10 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்கு 1.25 மெகாபைட். அந்த வேகத்தில் 1 ஜிபி கோப்பு ஏற 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அது கோளாறு இல்லை, வெறும் கணக்கு. அதேபோல, செய்தி அனுப்பும் செயலிகள் வீடியோவைச் சுருக்கிவிட்டுத்தான் அனுப்புகின்றன. ‘அனுப்பப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பகுதி போனின் சிப் சுருக்கும் வேலைக்குப் போகிறது. இணையத்துக்கு அதில் சம்பந்தமில்லை. அதனால் செயலியை வைத்து முடிவுகட்டாமல், ஸ்பீடு டெஸ்ட்டை வைத்து அளந்து பாருங்கள்.

படி 2: மூன்று அளவுகள் எடுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இதை விட்டுவிட்டு அமைப்புகளை மாற்ற ஆரம்பித்தால், எது நோய் என்று தெரியாமலே மருந்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள். ஒரே லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அளவு, லேன் கேபிளை ரூட்டரில் நேராகச் செருகி, லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு எடுப்பது. இரண்டாவது, கேபிளைக் கழற்றி, ரூட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில், நடுவில் சுவர் இல்லாமல் உட்கார்ந்து வைஃபையில் எடுப்பது. மூன்றாவது, நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் எடுப்பது. ஒவ்வொன்றையும் சில முறை ஓட்டி, ஒரே ஸ்பீடு டெஸ்ட் சர்வரைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோடு, அப்லோடு, பிங் (அனுப்பியதற்குப் பதில் வர ஆகும் நேரம்) மூன்றையும் எழுதி வையுங்கள். மாலை நெரிசல் நேரத்தில் ஒரு சுற்று, அதிகாலையில் ஒரு சுற்று எடுத்தால் இன்னும் நல்லது.

லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் போதும். ஆனால் அது ஜிகாபிட் அடாப்டர்தானா என்று பாருங்கள்; பழையவை 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். கேபிளையும் சந்தேகப்படுங்கள். உள்ளே உள்ள எட்டு வயர்களில் ஒன்று விட்டிருந்தாலும் ஜிகாபிட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இறங்கிவிடக்கூடும், வேறு எந்த அறிகுறியும் தெரியாமலே.

இப்போது எண்களைப் படியுங்கள். கேபிளிலேயே அப்லோடு குறைவு என்றால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. படி 3-க்குப் போங்கள். கேபிளில் சரி, ரூட்டர் பக்கத்திலும் சரி, உங்கள் அறையில் மட்டும் சரிவு என்றால் தூரம், சுவர், இரைச்சல். படி 4, 5, 6 உங்களுக்கானவை. கேபிளில் சரி, ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அப்லோடு ஏறவில்லை என்றால் கருவியிலோ ரூட்டர் அமைப்பிலோதான் கோளாறு. படி 4-ஐ ஒருமுறை பார்த்துவிட்டு நேராக 7, 8-க்கு வாருங்கள்.

படி 3: கேபிளிலும் மெதுவாக இருந்தால்

முதல் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே. யாரோ ஏற்கெனவே மேலே அனுப்பிக்கொண்டிருக்கலாம். போன்களின் புகைப்பட பேக்கப், கணினியின் கிளவுட் சேமிப்பு, டோரண்ட், முக்கியமாகக் கிளவுடில் பதிவு செய்யும் கண்காணிப்பு கேமராக்கள். டவுன்லோடு பக்கம் இவை கண்ணில் படவே படாது. குறுகலான அப்லோடை மட்டும் அமைதியாகத் தின்றுவிடும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று அங்கே தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிப்பதுதான் வழி.

இரண்டாவது, ரூட்டரின் கியூஓஎஸ் அமைப்பு. எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் இந்த வசதிக்கு உங்கள் அப்லோடு வேகம் எவ்வளவு என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். பழைய திட்டத்தில் இருந்தபோது கொடுத்த எண் அப்படியே இருந்தால், நீங்கள் புதுத் திட்டத்துக்கு மாறியபிறகும் ரூட்டர் பழைய அளவிலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கும். திட்டத்தை உயர்த்தியும் வேகம் கூடவில்லை என்றால் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுதான்.

அதுவும் சரியென்றால் வெளியே இருந்து வரும் இணைப்பைப் பாருங்கள்.

ஃபைபரில், ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா, மெல்லிய மஞ்சள் கேபிள் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சாதாரண ஃபைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்காமல் இருப்பது நல்லது. மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் சக்தி தெரிந்தால், ஜிபான் இணைப்பில் அது சாதாரணமாக −8-க்கும் −27 டிபிஎம்முக்கும் (சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு) நடுவில் இருக்க வேண்டும். −27-ஐ ஒட்டி நின்றால் எங்கோ இழப்பு இருக்கிறது. ஃபைபர் முனையைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

கேபிள் மோடம் என்றால் அதன் நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் 192.168.100.1-இல் திறக்கும். அங்கே அப்ஸ்ட்ரீம் பவர் (மேலே அனுப்பும் சக்தி) என்ற எண் 50 டிபிஎம்வி-யைத் தாண்டினால், மோடம் தன் முழு பலத்தையும் போட்டுத்தான் நிறுவனத்தை எட்டுகிறது என்று அர்த்தம். தளர்ந்த இணைப்பி, கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் தேவையில்லாத ஸ்பிளிட்டர், ஈரம் இறங்கிய கேபிள் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கேபிள் வலையமைப்பில் அப்லோடு கீழ் அலைவரிசைகளில் போகிறது. வீடுகளில் பிறக்கும் மின் இரைச்சல் அங்கேதான் எளிதாகப் புகும். ஒரே வரிசையில் உள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் ஒன்றுசேர்ந்து மேலே போவதால், டவுன்லோடு நன்றாக இருக்கும்போதே அப்லோடு கெடுவது இங்கே சகஜம். டெலிபோன் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால், ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஃபில்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அப்ஸ்ட்ரீம் எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாண்டிச் சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி, 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் லைனில் கோளாறு.

நிறுவனத்துக்குப் புகார் செய்யும்போது ‘வைஃபை ஸ்லோ’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு அதிகம். ‘லேன் கேபிளில் எடுத்த அளவு இது, இந்தத் தேதியில், இந்த நேரங்களில், மோடம் பக்கத்தில் தெரிந்த எண்கள் இவை’ என்று கொடுங்கள்.

படி 4: உங்கள் கருவி எந்த வேகத்தில் அனுப்புகிறது?

வைஃபையில் டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் தனித்தனி இணைப்பு வேகம் உண்டு. கருவியும் ரூட்டரும் ஒவ்வொரு நொடியும் சூழலைப் பார்த்து அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நமக்கு வேண்டியது டிரான்ஸ்மிட் ரேட், அதாவது கருவி அனுப்பும் வேகம்.

விண்டோஸில் கமாண்டு பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) என்ற கட்டளையைக் கொடுத்தால் ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்), நாய்ஸ் (இரைச்சல்), டிஎக்ஸ் ரேட் (அனுப்பும் வேகம்) மூன்றும் வரும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் பல போன்கள் இதைக் காட்டுகின்றன. உண்மையில் கிடைக்கும் வேகம் இந்த எண்ணில் பாதியை ஒட்டி இருந்தால் இயல்பு. நல்ல சூழலில் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே டிரான்ஸ்மிட் ரேட் 12 எம்பிபிஎஸ் என்று காட்டினால், உங்கள் திட்டம் எத்தனை பெரியதாக இருந்தாலும் அப்லோடு 6, 7-ஐத் தாண்டாது. ரிசீவ் ரேட் 300, டிரான்ஸ்மிட் ரேட் 12 என்று இரண்டும் விலகி நின்றால் நோய் கையில் அகப்பட்டுவிட்டது.

இதைவிடப் பெறுமதியான தகவல் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது. பல ரூட்டர்கள் இணைந்துள்ள ஒவ்வொரு கருவிக்கும் நேரே ஒரு டிபிஎம் எண் காட்டும். அது உங்கள் போன் அனுப்புவது ரூட்டரின் காதில் எவ்வளவு பலமாக விழுகிறது என்பதன் அளவு. போனின் கோடுகள் சொல்லாத செய்தி இங்கே இருக்கிறது. −50 அருமை, −60 நல்லது, −67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், −75-க்குக் கீழே இறங்கினால் அப்லோடு தள்ளாடும். எண் எதிர்மறையானது என்பதால் பூஜ்யத்துக்கு அருகே வர வர பலம் அதிகம். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தி இரண்டு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரலால் இணையத்தைத் தொடாமலே வைஃபையை மட்டும் அளக்கலாம். ஒன்றை ரூட்டரில் கேபிளால் இணைத்து சர்வராக ஓட்டுங்கள். வைஃபையில் உள்ள மற்றதை கிளையண்டாக ஓட்டினால் அது இயல்பாகவே சர்வரை நோக்கி அனுப்பும், அதாவது அப்லோடு. தலைகீழ் விருப்பத்தைக் கொடுத்தால் டவுன்லோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 5: அலைவரிசையும் சேனலும்

எந்த இரைச்சல் யாரைக் கெடுக்கிறது என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள். கேட்பவரின் பக்கத்தில் உள்ள இரைச்சல்தான் அதிகம் கெடுக்கும். அப்லோடில் கேட்பது ரூட்டர். எனவே அப்லோடுக்குப் பெரிய எதிரி ரூட்டருக்குப் பக்கத்தில் இருப்பவை. நீங்கள் இருக்கும் அறையில் சேனல்களை (அலைவரிசையின் உட்பிரிவுகளை) ஆராய்ந்துவிட்டு ‘காலியாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். வைஃபை அனலைசர் செயலியுடன் ரூட்டர் அருகே போய் நின்று பாருங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ரூட்டர் அதன் பக்கத்தில் இருந்தால், சூடாக்கும் நேரங்களில் அப்லோடு விழும். சில கார்ட்லெஸ் போன்கள், புளூடூத் கருவிகள் ஆகியவையும் அதே பகுதியில்தான். பலரும் எதிர்பார்க்காத ஒன்று யூஎஸ்பி 3.0. ரூட்டரின் பின்னால் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும்; இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. அப்படி ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்களாகப் பொதுவாக 1, 6, 11 ஆகிய மூன்றைத்தான் பயன்படுத்த முடியும். ‘கூட்டமில்லை’ என்று 3, 4, 8 போன்றவற்றை எடுப்பது தப்புக் கணக்கு. ஒரே சேனலில் உள்ள அண்டை ரூட்டர்கள் ஒன்றையொன்று புரிந்துகொண்டு முறைவைத்துப் பேசும். பாதி ஏறிய சேனலில் இருப்பவற்றுக்கு ஒன்று பேசுவது மற்றதற்கு வெறும் இரைச்சல். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் 40 வைப்பதால் லாபம் அநேகமாக இல்லை.

முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், கருவியும் ரூட்டரும் ஆதரித்தால் 6 கிகாஹெர்ட்ஸுக்கும். இவற்றில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும் திறனும் குறைவு. இரண்டு சுவர் தள்ளி உள்ள அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் டவுன்லோடு நன்றாகவும் அப்லோடு பரிதாபமாகவும் இருந்தால், சேனல் அகலத்தை 80-இலிருந்து 40-ஆகக் குறைத்துப் பாருங்கள். வேகத்தைக் கூட்ட அகலத்தைக் குறைப்பதா என்று தோன்றும். போனிடம் இருக்கும் சக்தி கொஞ்சம்; அதை 80 மெகாஹெர்ட்ஸில் பரப்பினால் மெலிந்துபோகும். அகலத்தைப் பாதியாக்கினால் அதே சக்தி குவிந்து, ரூட்டருக்கு 3 டெசிபல் தெளிவாகக் கேட்கும். கருவி பக்கத்தில் இருக்கும்போது அகலம் நல்லது, தூரம் போகப்போக குறுகல் நல்லது. இணைப்பு அவ்வப்போது அறுந்து மீள்கிறது என்றால் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைத் தவிர்த்துப் பாருங்கள். பல நாடுகளில் இவற்றை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரேடார் அறிகுறி தெரிந்தவுடன் ரூட்டர் சேனலைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி.

ரூட்டரில் டிரான்ஸ்மிட் பவர் என்ற அமைப்பு இருக்கும். அதை உச்சத்துக்கு ஏற்றினால் ரூட்டரின் குரல்தான் கூடும், போனின் குரல் கூடாது. அப்லோடுக்கு அதனால் பைசா பிரயோஜனமில்லை. கெடுதல்கூட வரலாம். பலமான 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பார்த்த போன், தன்னால் பதில் சொல்ல முடியாத தூரத்திலும் அதையே பிடித்துத் தொங்கும். நடுத்தர அளவுக்குக் குறைத்தால் அது நேரத்தோடு 2.4-க்கோ, பக்கத்து மெஷ் முனைக்கோ (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் துணைக் கருவி) மாறிக்கொள்ளும். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எதில் இருக்கிறோம் என்று சோதனையின்போது குழப்பமும் இருக்காது.

படி 6: ரூட்டரின் இடம்

இடம் மாற்றுவது இரு திசைக்கும் சமமாக உதவும், ஏனென்றால் இருவருக்கும் நடுவே உள்ள பாதை ஒன்றுதான். உயரமாக, திறந்த இடத்தில், வீட்டின் நடுவை ஒட்டி வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், டிவியின் பின்புறம், பெரிய கண்ணாடி, மீன்தொட்டி, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் இவையெல்லாம் அலையை விழுங்கும் அல்லது திருப்பிவிடும். அரை மீட்டர் நகர்த்தினாலே டிபிஎம் எண் மாறுவதைப் பார்க்கலாம். நகர்த்துங்கள், ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள், மறுபடி நகர்த்துங்கள்.

படி 7: அனுப்பும் கருவியைக் கவனியுங்கள்

அதே இடத்தில் இன்னொரு கருவியை வைத்து அளந்து பாருங்கள். மற்றவையெல்லாம் நன்றாக அனுப்பி, ஒன்று மட்டும் திணறினால் ரூட்டரைத் தொடாதீர்கள்.

லேப்டாப்பில் முதலில் டிரைவர், அதாவது வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ வைஃபை சிப் தயாரிப்பாளரின் தளத்திலோ புதியதை எடுத்துப் போடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது என்றால் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். விண்டோஸின் பவர் பிளானில் வயர்லெஸ் அடாப்டருக்கு ‘மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’ வையுங்கள்; பேட்டரியில் ஓடும்போதும் அப்படியே இருக்கட்டும். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு தாவலில் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு என்று ஏதாவது இருந்தால் அணைத்துச் சோதியுங்கள். பெரிய தரவைத் துண்டாக்கும் வேலையைக் கணினியிடமிருந்து அடாப்டருக்கு மாற்றும் வசதி அது. டிரைவரில் பிழை இருந்தால், அனுப்பும் திசையை மட்டும் அடித்துப் போட்டுவிடும். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள்.

விபிஎன், ஆன்டிவைரஸின் இணையக் கண்காணிப்பு இரண்டையும் சோதனைக்காக நிறுத்திப் பாருங்கள். போனில் பேட்டரி சேவரை அணையுங்கள், உலோகம் கலந்த உறையைக் கழற்றுங்கள். மேசைக் கணினியின் பின்புறம் செருகிய யூஎஸ்பி வைஃபை டாங்கிளை, எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். இரும்புப் பெட்டியின் நிழலிலிருந்து வெளியே வந்தாலே நிலைமை மாறும்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேப்டாப்பைத் திரை மாற்றவோ பேட்டரி மாற்றவோ திறந்த பிறகு அப்லோடு விழுந்திருந்தால், உள்ளே வைஃபை அட்டையில் செருகும் மெல்லிய ஆன்டெனா வயர்களைச் சந்தேகப்படுங்கள். பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று கழன்றாலும் இணைப்பு முழுதாகப் போகாது. பக்கத்தில் இருந்தால் டவுன்லோடும் சுமாராக ஓடும். ஆனால் டிரான்ஸ்மிட் ரேட் அதலபாதாளத்தில் இருக்கும். மறுபடி அழுத்திச் செருகினால் போதும்.

இன்னொரு கோணமும் உண்டு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மூலையில் உள்ள ஒரு பழைய கருவி மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தால், அதே அளவு தரவுக்கு அது மற்றவர்களைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் புது லேப்டாப் அதற்குள் காத்திருக்கிறது. தூரத்துக் கேமரா, பழைய பிரிண்டர் போன்றவற்றை 2.4-இல் விட்டுவிட்டு, முக்கியமான கருவிகளை 5-இல் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

படி 8: ரூட்டர் அமைப்புகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளவெடுங்கள். வைஃபையின் பாதுகாப்பு (குறியாக்க) முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். பழைய டிகேஐபி-யில் நின்றிருந்தால் இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. வைஃபை போக்குவரத்துக்கு முன்னுரிமை பிரிக்கும் டபிள்யூஎம்எம் என்ற அமைப்பை அணைத்தாலும் இதே கதிதான், அது எப்போதும் இயங்கட்டும். கெஸ்ட் வைஃபைக்கு வேகக் கட்டுப்பாடு போட்டுவிட்டு மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரூட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

படி 9: ரிப்பீட்டரும் மெஷ்ஷும்

ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், வேகத்தைக் கிட்டத்தட்ட பாதியாக்கும். ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருப்பதே காரணம். அப்லோடு சிக்கலுக்கு ரிப்பீட்டரைக் கடைசி வழியாகத்தான் நான் சொல்வேன். அதை உங்கள் அறையிலேயே வைத்தால் கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் அங்கிருந்து ரூட்டருக்குப் போகும் இரண்டாவது பயணம் பலவீனமாக இருக்கும். பாதித் தூரத்தில் வையுங்கள். மெஷ் முனைகளை லேன் கேபிளால் இணைக்க முடிந்தால் பாதிப்பு ஏறக்குறைய மறைந்துவிடும். முடியாவிட்டால், முனைகளுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள மூன்று அலைவரிசை மாடல் நல்லது.

படி 10: வேகம் சரி, ஆனாலும் அழைப்பு தடுமாறுகிறது

ஸ்பீடு டெஸ்ட்டில் அப்லோடு முழுதாக வருகிறது. ஆனால் வீட்டில் யாராவது ஒரு கோப்பை ஏற்ற ஆரம்பித்தவுடன் எல்லோருக்கும் எல்லாமே நின்றுபோகிறது என்றால், இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ஐ ஒட்டி இதைப் பரவலாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மோடத்தில் உள்ள நினைவகம் அளவுக்கு மீறிப் பெரியது. பெரிய கோப்பின் துண்டுகள் அதில் குவிந்து நிற்க, உங்கள் குரல் துண்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. டவுன்லோடும் சேர்ந்து விழும், ஏனென்றால் வந்த தரவுக்கு ‘கிடைத்தது’ என்று அனுப்பும் சின்ன பதில்களும் அதே வரிசையில் மாட்டிக்கொள்கின்றன.

சோதிப்பது எளிது. ஏதாவது ஓர் இணைய முகவரிக்குப் பிங் ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்த பிங் 300, 500 என்று ஏறினால் அதுதான். 2021-இல் வந்த மான்டரே முதல் மேக்கில் நெட்வொர்க்குவாலிட்டி (networkQuality) என்ற கட்டளையே இதை அளந்து சொல்லும்.

மருந்தும் இருக்கிறது. ரூட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதி இருந்தால் இயக்கி, எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்லோடு எல்லையாக, கேபிளில் அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் கொடுங்கள். மீதிச் சில சதவீதத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரிடமே நிற்கிறது. ரூட்டர் சின்னத் துண்டுகளை முந்தவிடுகிறது. பெரிய கோப்பு சிறிது தாமதமாகும். அழைப்பு தெளிவாக இருக்கும். இதைவிட நல்ல பேரம் வீட்டு நெட்வொர்க்கில் வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ரூட்டரில் இந்த வசதி இல்லையென்றால், பேக்கப் செயலிகளின் அமைப்பில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு போடுங்கள் அல்லது இரவு நேரத்துக்கு மாற்றுங்கள்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால்

ரூட்டர் பெட்டியில் உள்ள பெரிய வேக எண்ணைப் பார்க்காதீர்கள், தலைமுறையைப் பாருங்கள். வைஃபை 5-இல் பல கருவிகளோடு ஒரே நேரத்தில் பேசும் மு-மைமோ வசதி டவுன்லோடு திசைக்கு மட்டும்தான் இருந்தது. அப்லோடு திசையிலும் பலர் ஒரே நேரத்தில் அனுப்பும் ஏற்பாடு வைஃபை 6-இல்தான் வந்தது. ஆனால் இரு முனையும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் அது வேலை செய்யும். எனவே பழைய லேப்டாப்பாக இருந்தால், பல மாடல்களில் உள்ளே உள்ள வைஃபை அட்டையை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். ரூட்டர் மாற்றுவதைவிடச் செலவு குறைவு. அப்லோடில் அனுப்பும் முனையும் அதுதான்.

நகராமல் ஒரே இடத்தில் இருந்து நிறைய அனுப்பும் கருவிகளுக்கு, அதாவது மேசைக் கணினி, கண்காணிப்பு கேமராவின் ரெக்கார்டர், பேக்கப் சேமிப்பகம் ஆகியவற்றுக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட்-5இ வகையே 100 மீட்டர் வரை ஜிகாபிட் கொடுக்கும். அவை கேபிளுக்குப் போனதும் காற்றில் நெரிசல் குறையும். அதற்குப் பிறகு போன்களிலும் லேப்டாப்பிலும் மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.